பஞ்சநதம் பிடித்த கட்டைவிரல்

"முக்கியமா, சுரண்டணும். அதை மட்டும் மறந்துடாதீங்க" என்றாள் வானதி போனில்.

எதைச் சுரண்டுவது என்று பஞ்சநதம் கேட்பதற்குள் போன் கட்டாகிவிட்டது.

அவர் மேசையைப் பார்த்தார். ஏழெட்டு நெயில் பாலிஷ் புட்டிகள். உள்ளங்கை அகலத்தில் வட்டமான எஃகுத் தகடு ஒன்று. அதில் நகத்தளவு நகத்தளவாக மயில், தாமரை, மாங்காய் என்று செதுக்கியிருந்தது. மெத்தென்ற ரப்பர் முகம் வைத்த சின்ன அச்சு ஒன்று. ஒரு பழைய ஏடிஎம் அட்டை. இவற்றை வைத்துக்கொண்டு ஒரு மணப்பெண்ணின் பத்து நகத்திலும் மயில் வரவழைக்க வேண்டும். அவளுக்கு இன்று ஆறு மணிக்கு நிச்சயதார்த்தம்.

பஞ்சநதம் சீர்காழியில் பத்திரம் எழுதுகிறவர். கிரயமோ, பாகப்பிரிவினையோ, வில்லங்கம் இல்லாமல் எழுதுவார் என்று பெயர். இருபத்தாறு வருஷமாகக் கைநாட்டு வாங்கி வாங்கி, ஆளின் முகத்தைப் பார்க்கிற பழக்கமே அவருக்கு விட்டுப்போயிருந்தது. எதிரே இருப்பவர் கட்டைவிரலைப் பார்த்துத்தான் பேசுவார். எதிராளி சொல்லவருவதையும் பாதியிலேயே வாங்கி அவரே முடித்துவிடுவார்.

அவர் மனைவி வானதி ஏழு மாதமாக வீட்டிலேயே நகத்தில் அச்சு ஒற்றப் பழகிக்கொண்டிருந்தாள். முதலில் கரண்டிக் காம்பில். பிறகு தன் இடது கையில். பிறகு, மத்தியானம் தூங்கிக்கொண்டிருந்த பஞ்சநதத்தின் கால் விரல்களில். அது தெரியாமல் செருப்பை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனவரைப் பார்த்து, நிலம் விற்க வந்திருந்த வேதாரண்யத்துக்காரர் ஒருவர் எதற்கு வந்தோம் என்பதையே மறந்துவிட்டார்.

அன்று பஞ்சநதம் வானதியிடம் எரிந்து விழுந்தார். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு, கால் கட்டைவிரலில் இருந்த தாமரையின் இதழ்களைக் குனிந்து எண்ணிப் பார்த்தார். பதினாறு. ஒரு நெல்மணி அகலத்துப் பூவில் பதினாறு இதழ்! அசந்து போனார். அதை அவளிடம் சொல்லத்தான் இல்லை.

இன்று வரப்போகும் சான்ட்ராதான் வானதிக்கு வாய்த்த முதல் மணப்பெண். சான்ட்ராவின் அம்மா அமலோற்பவத்துக்குத் தரங்கம்பாடியில் தெரியாத வீடு கிடையாது. நகம் நன்றாக அமைந்தால் ஊர் முழுக்கச் சொல்லுவார். அமையாவிட்டாலும் ஊர் முழுக்கச் சொல்லுவார். அப்புறம் வானதி இந்தப் புட்டிகளை எல்லாம் மூட்டை கட்டிப் பரணில் போட வேண்டியதுதான்.

இந்த நாளாகப் பார்த்துக் காலையில் கழுவிவிட்ட கொல்லையில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக் கமருன்னிஸாதான் ஆட்டோ பிடித்து எலும்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அங்கிருந்துதான் போன்.

"கட்டு போடணுமாம். மூணு வாரத்துக்குக் கையை அசைக்கக் கூடாதாம்" என்று சொல்லும்போதே வானதிக்குக் குரல் உடைந்துவிட்டது. "அவங்க வேற கிளம்பிட்டாங்களாம். என்னங்க பண்றது?"

வானதி அழுது பஞ்சநதத்துக்குப் பழக்கமில்லை. தாங்க முடியவில்லை.

"அழாத. நான் போட்டு விடறேன்."

அந்தப் பக்கம் அழுகை சட்டென்று நின்றது. "நீங்களா?"

"முத்திரை குத்தறது எனக்குப் புதுசா?"

அதற்கப்புறம் அவள் சொன்ன பாடம்தான் சுரண்டலோடு அறுந்துபோனது.

"வானதி மேடம் வீடு இதுதானே சார்?"

கிரில் கதவின் கம்பியைப் பிடித்திருந்த கையைத்தான் பஞ்சநதம் பார்த்தார். வெயிலில் கறுத்த விரல்கள். நகங்களை ஒட்ட வெட்டியிருந்தது. நிச்சயதார்த்தத்தன்றும் வேலை வாங்கியிருக்கிறார்கள் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டார்.

"இதுதான். வாங்கம்மா."

"அவங்க இருக்காங்களா சார்? நான் வந்து…"

"தெரியும்மா, தெரியும். அவளுக்குக் கையில அடி பட்டுடுச்சு. ஆஸ்பத்திரியில இருக்கா."

"ஐயோ! அவங்க கைதான் சார் வேணும்."

"அவ கை என்ன, என் கை என்ன? உக்காருங்க. தனியாவா வந்தீங்க? அம்மா வண்டியில இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மோர் எடுக்கப் போனார்.

அந்தப் பெண் மோரை ஒரே மூச்சில் குடித்தாள். இன்னொரு டம்ளர் கொடுத்தார். அதையும் குடித்தாள். தோள்பையிலிருந்து எதையோ எடுக்கப் போனவளை அவர் தடுத்தார்.

"அதெல்லாம் அப்புறம். முதல்ல கையைக் காட்டுங்க."

"இல்ல சார், நான் எதுக்கு வந்தேன்னா…"

"கையை இப்படி வைங்கம்மா."

மேசைமேல் விரித்திருந்த பிளாஸ்டிக் விரிப்பில் கையை வைத்தாள். பஞ்சநதம் அரக்கு நிறத்தைப் பூச ஆரம்பித்தார். நகம் சின்னது, பிரஷ் பெரியது. விரல் நுனியெல்லாம் அரக்கானது. போகட்டும் என்று அடுத்த கட்டத்துக்குப் போனார். சுரண்ட வேண்டும். ஏடிஎம் அட்டையை எடுத்து, பூசிய நகத்தை நிதானமாகச் சுரண்டினார்.

"சார், இப்பத்தானே போட்டீங்க?" என்றாள் அந்தப் பெண்.

"அதானே!"

தகட்டைத்தான் சுரண்டச் சொல்லியிருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. தகட்டில் வெள்ளை பாலிஷை ஊற்றி அட்டையால் வழித்தார். மேலே நின்றதெல்லாம் போய், செதுக்கிய கோடுகளில் மட்டும் வெள்ளை நின்றது. அழகான மயில்! அதை ரப்பர் அச்சில் ஒற்றி எடுத்தார். எடுத்தவர் சும்மா இருந்திருக்கலாம். ஆபீஸ் பழக்கத்தில் அச்சை வாயருகே கொண்டுபோய் "ஹா" என்று ஊதி, நகத்தின் மேல் "டப்" என்று ஒரு குத்து குத்தினார்.

மோர் டம்ளர் எகிறி விழுந்தது. அந்தப் பெண் "அம்மா!" என்றாள்.

நகத்தில் மயில் இல்லை. வெள்ளையாக ஒரு திட்டு இருந்தது.

"ஈரம் போதலியோ, அதிகமாயிடுச்சோ" என்று சொல்லிக்கொண்டே ஃபேனை ஐந்தில் வைத்தார். இப்போது தகட்டில் ஊற்றிய பாலிஷ் அச்சுக்கு வருவதற்குள் அங்கேயே காய்ந்து உட்கார்ந்துகொண்டது. ஃபேனை நிறுத்தினார். ஆடி மாதத்துப் புழுக்கத்தில் அவர் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வேர்வை நேராக அவள் மோதிர விரலில் விழுந்தது.

"மாப்பிள்ளை என்ன பண்றாரு?" என்று சமாளித்தார்.

அந்தப் பெண் விழித்தாள். "அதெல்லாம் இன்னும் ஒண்ணும் தெரியல சார்."

இந்தக் காலத்துப் பெண்கள் எவ்வளவு துணிச்சலாக இருக்கிறார்கள் என்று அவருக்கு வியப்பாக இருந்தது.

எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கலாம் என்று பஞ்சை ரிமூவரில் நனைத்துத் துடைத்தார். பாலிஷ் பாதி போயிற்று; பஞ்சு நகத்தில் ஒட்டிக்கொண்டு ஐந்து விரலுக்கும் தாடி முளைத்தது. தாடியை எடுக்க இன்னும் கொஞ்சம் ரிமூவரை ஊற்றினார். கை தவறிப் புட்டி கவிழ்ந்தது. கடகடவென்று மேசை முழுக்க ஓடியது. பிளாஸ்டிக் விரிப்பில் அச்சடித்திருந்த திராட்சைக் கொத்து அப்படியே கரைந்து அவள் முழங்கையில் ஏறிக்கொண்டது.

பஞ்சநதம் திராட்சையைப் பார்த்தார். விரிப்பில்கூட அவ்வளவு தெளிவாக அது இருந்ததில்லை.

புட்டியின் அடியில் மிச்சமிருந்ததை வைத்து எப்படியோ நகங்களையும் முழங்கையையும் சுத்தம் செய்தார். அத்தோடு ரிமூவர் தீர்ந்தது. இனிமேல் ஒரு விரல் தப்பினாலும் அழிக்க முடியாது. வானதிக்குப் போன் போட்டார். கமருன்னிஸாதான் எடுத்தாள்.

"அண்ணே, அக்கா உள்ள இருக்காங்க, கட்டு போடறாங்க. நீங்க கூப்பிட்டா, குத்தக் கூடாது, உருட்டணும்னு சொல்லச் சொன்னாங்க."

"எதை உருட்டணும்?"

"அதைக் கேக்கலியே அண்ணே. இருங்க, டாக்டர் கூப்பிடறாரு."

பஞ்சநதம் போனை வைத்தார். சோர்ந்து போனார். ஏழு மாதமாக ஒருத்தி மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டுக் கற்ற வித்தை இது. முத்திரை குத்துவதுதானே என்று நினைத்த தன்மேலேயே அவருக்குக் கோபம் வந்தது. வானதியின் முகத்தில் எப்படி விழிப்பது?

"உங்களுக்கு நேரமாகுதும்மா" என்றார் வருத்தத்துடன்.

"பரவால்ல சார். நீங்க நிதானமா பண்ணுங்க" என்றாள் அவள். அவள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்து அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டாள். இப்போது அவள் எதுவும் சொல்ல முயலவில்லை. தன் கையையே வேறு யாருடைய கையையோ போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஞ்சநதம் மறுபடியும் அரக்கு பூசினார். இந்தத் தடவை பிரஷைப் புட்டி வாயில் வழித்துவிட்டு, நகத்துக்கு மூன்றே இழுப்பு. காயவிட்டார். தகட்டில் வெள்ளை ஊற்றி, வழித்து, மயிலை அச்சில் எடுத்தார். அச்சை மேசைமேல் மல்லாத்தி வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல், வாய் பழக்கத்தில் சொன்னார்.

"கட்டைவிரலைக் கொடுங்க."

கொடுத்தாள். அவ்வளவுதான். இருபத்தாறு வருஷம் தானாக எழுந்து நின்றது. அவளுக்கு இடது பக்கமாக வந்து நின்று, விரலை மேல் கணுவில் பிடித்துக்கொண்டார்.

"நீங்க அழுத்தக் கூடாது. விரலை என்கிட்ட விட்டுடுங்க. வேற எங்கயாவது பாருங்க."

எத்தனை ஆயிரம் விரல்களிடம் சொன்ன வார்த்தை! கைநாட்டு வைக்கிறவர் விரலை அவர் குத்தவே விடமாட்டார். ஒரு ஓரத்தில் தொட்டு மறு ஓரம் வரை ஒரே சீராக உருட்டுவார். அப்போதுதான் ரேகை கலங்காமல் விழும். அதேபோல, விரலைக் கவிழ்த்து, நகத்தின் இந்த ஓரத்தை ரப்பரில் தொட்டு, அந்த ஓரம் வரை உருட்டி எடுத்தார்.

மயில் விழுந்திருந்தது. கொண்டை இருந்தது. கால் இருந்தது. தோகையில் ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாக இருந்தது.

"சார்!" என்றாள் அந்தப் பெண். விரலைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

பஞ்சநதமும் குனிந்து பார்த்தார். அடி வானதி, இதையா நீ தினமும் தனியாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய் என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சட்டைத் தோளில் துடைத்துக்கொண்டு அடுத்த விரலை வாங்கினார். பத்து விரல். பத்து மயில். சுண்டுவிரலில் இடம் போதாமல் தோகையை நகத்தின் குறுக்கே சாய்த்து உருட்டினார். அது மற்ற ஒன்பதையும்விட அழகாக அமைந்துவிட்டது. கடைசியாகப் போடும் நிறமில்லாத மேல்பூச்சைப் பிரஷால் தேய்த்தால் மயில் கலங்கிவிடும் என்பது யாரும் சொல்லாமலே அவருக்கு விளங்கியது. ஈர மையின் மேல் கையெழுத்துப் போடுகிற பதவிசோடு, ஒரு சொட்டை நடுவில் விட்டுப் பரவவிட்டார்.

அவள் இரண்டு கைகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் நீட்டினாள்.

வாசலில் கார் வந்து நின்றது. பட்டுப் புடவையில் ஒரு அம்மாள் இறங்கி மூச்சு வாங்க உள்ளே வந்தார். பின்னாலேயே தலை நிறையப் பூவோடு ஒரு பெண் வந்தாள்.

"வானதி மேடம் வீடு இதுதானே? மன்னிச்சுக்குங்க, ஆக்கூர்கிட்ட நாத்துக்கட்டு ஏத்தின டிராக்டர் ரோட்டுக்குக் குறுக்க கவுந்துடுச்சு. நான் அமலோற்பவம். இவதான் பொண்ணு, சான்ட்ரா."

பஞ்சநதம் எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

சான்ட்ரா நேராக மேசைக்கு வந்து, அங்கே விரிந்திருந்த பத்து விரல்களையும் குனிந்து பார்த்துக் கூவினாள். "மம்மி, இங்க வந்து பாருங்களேன்! எனக்கு இதேதான் வேணும். அப்படியே இதேதான்."

அமலோற்பவம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். "கர்த்தரே! இது கையால பண்ணினதா? கிறிஸ்மஸுக்குள்ள எங்க பக்கம் எட்டுக் கல்யாணம் இருக்கு சார். எல்லாருக்கும் உங்க வீட்டு அட்ரஸைத்தான் கொடுக்கப் போறேன்."

வானதி பிழைத்துவிட்டாள். பஞ்சநதத்துக்கு உயிர் வந்தது. வந்த உயிரோடு, அன்றைக்கு முதல் தடவையாக எதிரே இருந்தவளின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்படின்னா, நீங்க யாரும்மா?"

அந்தப் பெண் மயில்கள் எதிலும் படாமல் இரண்டே விரலால் பையைத் திறந்து, கைரேகை எடுக்கும் மெஷினை மேசைமேல் வைத்தாள்.

"கேஸ் ஏஜென்சி சார், கனெக்‌ஷன் வானதி மேடம் பேர்ல இருக்கு, அவங்க கைரேகையை எடுக்க வந்தேன், ரெண்டு மாசமா வீடு வீடா எல்லார் விரலையும் நான்தான் பிடிச்சிட்டிருக்கேன், இன்னைக்குத்தான் ஒருத்தர் என் விரலைப் பிடிச்சாரு, அதான் சொல்ல மனசே வரல."