பத்துக்கு ஒன்பது

"பெத்தவங்களுக்கு உள்ள அனுமதி இல்ல" என்று சொல்லிவிட்டு, மாணவியர் விடுதியின் வார்டனம்மா கதவைச் சாத்தினார். வாசலில் நோட்டும் கையுமாக நின்றவருக்கு அன்று காலையில் சாத்தப்பட்ட மூன்றாவது கதவு அது.

அவர் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். கடித்துப் பார்த்து மார்க் போடுவதுதான் இருபத்திரண்டு வருட வேலை. ஒரே அடுப்பில் வெந்த இரண்டு பிஸ்கட்டைக் கொடுத்தாலும் எது மேல்தட்டு, எது கீழ்த்தட்டு என்று பிரித்துச் சொல்லிவிடுவதாக அவருக்கு ஒரு பெருமை. ஆனால் கை மட்டும் ரொம்பச் சிக்கனம். ஆறுக்கு மேல் போகாது. தொழிற்சாலையில் அவர் பெயரே 'பத்துக்கு ஆறு' தான். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை, நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டிய மகளைப் பார்த்து, "ஏழு" என்று சொல்லியிருக்கிறார்.

அந்த ஏழுக்குத்தான் இப்போது இரண்டு பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருந்தது. மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் ஒன்றை உறுதி செய்தாக வேண்டும். அழுத்தினால் அழுத்தியதுதான், மற்றது கைவிட்டுப் போய்விடும். அவளே போய்ப் பார்த்திருப்பாள். போன வாரம் மாடிப்படியில் சறுக்கி, காலில் மாவுக்கட்டு.

"நீங்க பார்த்துட்டு வாங்கப்பா. சாப்பாடு எப்படி, தண்ணி வருதா, பொண்ணுங்க சந்தோஷமா இருக்காங்களா, எல்லாம் பாருங்க. நீங்க எதுக்கு அதிக மார்க் போடுறீங்களோ அங்க சேர்றேன்" என்றாள்.

என் நாக்கை நம்பி மூன்று வருடத்தை ஒப்படைக்கிறாளே என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நோட்டில் இடது பக்கத்தை முதல் பல்கலைக்கழகத்துக்கும், வலது பக்கத்தை இரண்டாவதற்கும் ஒதுக்கிக்கொண்டு கிளம்பியிருந்தார். இடது பக்கத்தில் இதுவரை மூன்று கதவுகள்தான் ஏறியிருந்தன.

மறுபடி தட்டினார். "நான் தரப் பரிசோதனைலேர்ந்து வரேன்."

பொய் இல்லை. பிஸ்கட்டை மட்டும் விட்டுவிட்டார்.

வார்டனம்மாவின் முகம் வெளுத்தது. "இன்ஸ்பெக்டரா? அடுத்த வாரம் வரதாத்தானே சார் லெட்டர் போட்டிருந்தீங்க!"

இல்லை என்றால் மறுபடியும் வாசல்தான். அவர் தலையை ஒரு தினுசாக ஆட்டி வைத்தார். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், கழுத்துவலி என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

இன்ஸ்பெக்டர் என்று காதில் விழுந்ததும் மாணவிகள் மொய்த்துக்கொண்டார்கள்.

"சார், ஃபேன் சுத்துது, காத்து மட்டும் வரல."

"சார், இந்தத் தட்டைப் பாருங்க." பச்சைக் கரை போட்ட தட்டு. நேற்றைய சாப்பாடு அதில் இன்னும் குடியிருந்தது.

"சார், ரெண்டாவது மாடிக்குத் தண்ணி வந்து மூணு நாளாச்சு."

குளியலறைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். இன்ஸ்பெக்டர் சும்மா நின்றால் நன்றாக இருக்காதே என்று அவர் ஒரு குழாயைத் திருகினார். குழாய் கையோடு வந்துவிட்டது. மூன்று நாளாக வராத தண்ணீரெல்லாம் அவர் சட்டையைத் தேடி வந்தது. கைக்குட்டையைத் திணித்து அடைத்தார். பக்கத்துக் குழாய் பிய்த்துக்கொண்டது. அதை முதுகைக் கொடுத்து அடைத்தார்.

"சார் வந்தாரு, தண்ணி வந்துடுச்சு!" என்று மாணவிகள் கைதட்டினார்கள்.

வார்டனம்மா ப்ளம்பரைத் தேடி ஓடிய சமயம் பார்த்து நழுவினார். வாசலில் கிளம்பத் தயாராக நின்ற பல்கலைக்கழக பஸ்ஸில் தொற்றிக்கொண்டார்.

"இன்னொரு யுனிவர்சிட்டிக்குப் போகணும்ப்பா."

"கடைசி ஸ்டாப்புல இறங்கி, வெளிய போய் வேற பஸ் பிடிங்க சார்" என்றார் டிரைவர்.

ஜன்னலோரம் உட்கார்ந்து இடது பக்கத்தின் அடியில் 'பத்துக்கு இரண்டு' என்று எழுதினார். ஈரச் சட்டைக்குக் காற்று சுகமாக இருந்தது. கண்ணை மூடியதுதான் தெரியும்.

"கடைசி ஸ்டாப்" என்று யாரோ தோளைத் தட்டியபோது முக்கால் மணி நேரம் ஓடியிருந்தது. தூக்கக் கலக்கத்தோடு இறங்கினார். எதிரே பிரம்மாண்டமான ஒரு நுழைவு வளைவு. பெயிண்ட் அடிக்கச் சாரம் கட்டி, சாக்குப் போட்டு மூடியிருந்தார்கள்.

"இதானேம்மா யுனிவர்சிட்டி?" என்று அந்தப் பக்கம் போன பெண்ணைக் கேட்டார்.

"ஆமா அங்கிள்."

நோட்டில் வலது பக்கத்துக்கு வந்தார்.

வளைவின் கீழே இருந்த காவலாளி அவரைப் பார்த்ததும் எழுந்து சல்யூட் அடித்தார். காலையில் பட்டது போதும் என்று இந்த முறை அவர் உண்மையையே சொன்னார். "நான் சும்மா ஒரு பொண்ணோட அப்பாங்க. ஹாஸ்டலைப் பார்க்கணும்."

"சரிங்க சார். அப்படியே வச்சுக்குவோம்" என்றார் காவலாளி, மிகுந்த மரியாதையோடு.

பெற்றவனுக்கு என்ன மதிப்பு! ஒரு மார்க் போட்டார்.

இங்கேயிருந்த வார்டனம்மா வாசலுக்கே வந்து வரவேற்றார். தரை அப்போதுதான் துடைத்த ஈரத்தோடு பளபளத்தது. குழாயைப் பயந்து பயந்து திருகினார். தண்ணீர் அடக்க ஒடுக்கமாக வந்தது. தட்டில் இங்கேயும் பச்சைக் கரைதான், ஆனால் முகம் பார்த்துத் தலை வாரலாம். சாப்பாடு ஆவி பறந்தது.

"ஏதாவது குறை உண்டாம்மா?" என்று மாணவிகளைக் கேட்டார்.

"குறையே இல்ல சார்!" என்றார்கள் ஒரே குரலில். ஒருத்தி மட்டும் வாயைத் திறக்கப் போனாள். பக்கத்தில் இருந்தவள் அவள் காலை மிதித்தாள். பிள்ளைகள் கலகலப்பாக விளையாடுகிறார்கள் என்று எழுதிக்கொண்டார்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மகளை அழைத்தார்.

"முதல் இடத்துக்கு ரெண்டு. ரெண்டாவதுக்கு ஒன்பது."



"ஒன்பதா? அப்பா, எனக்கே ஏழுதானே போட்டீங்க!"

"நீ அப்ப அழுதுட்டே இருந்தம்மா."

"நல்லா பார்த்தீங்களாப்பா? எனக்கு என்னவோ முதல் இடத்து மேலதான் ஆசையா இருந்துச்சு."

"ஆசைப்படலாம்மா. ஆனா குளிக்க முடியாது. ராத்திரியும் பகலும் போல வித்தியாசம். ஒரே நாள்ல கண்டுபிடிச்சுட்டேன். இருபத்திரண்டு வருஷ அனுபவம் சும்மாவா?"

அவள் பெருமூச்சு விட்டது கேட்டது. "நீங்க சொன்னா சரியா இருக்கும்." கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டாவதை உறுதி பண்ணிட்டேன்ப்பா. முதல் இடத்தை விட்டாச்சு" என்றாள்.

அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மகளுக்கு ஒரு தகப்பன் இதைவிட என்ன செய்ய முடியும்? நோட்டை மூடி, காய்ந்துபோன சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, வளைவை நோக்கி நடந்தார்.

காவலாளி ஓடிவந்து இன்னொரு சல்யூட் அடித்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இன்ஸ்பெக்டரு ஈரச் சட்டையோட கேம்பஸ் பஸ்ல ஏறிட்டாரு, தெற்கு வாசலுக்குத்தான் வருவாருன்னு காலைலயே நம்ம வடக்கு வாசல் வார்டனம்மா போன் போட்டுச் சொல்லிட்டாங்க சார், அதுலேர்ந்து தொடைச்ச துணியை நாங்க கீழ வைக்கல... ரெண்டு வாசலும் ஒரே யுனிவர்சிட்டிதானே, மார்க்கைக் கொஞ்சம் பார்த்துப் போடுங்க சார்!"