ஆளுநர் தேர்தலும் மரக்கறி ரோல்ஸும்

சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு நேர்காணலுக்குக் காத்திருப்பவர்கள் தும்முவதற்குக்கூட யோசிப்பார்கள். நான் தும்மிய பிறகும் யோசிப்பேன். (கீழ்வீட்டுக்காரர் முறைப்பாடு செய்துவிடுவாரோ என்று மாடிப்படியில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு இறங்கியவள் நான்.)

அப்படியான ஒரு நாளில்தான் லாங்கன்தாலில் என் மகள் அபிராவின் வகுப்பில் தேர்தல் வைத்தார்கள். ஆசிரியையின் முன்னோர் ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் குடியேறியவராம். அவர் வாழ்ந்த மாநிலத்தின் ஆளுநர் தேர்தலைப் பிள்ளைகள் நடித்துக் காட்ட வேண்டும். அப்போது இரகசிய வாக்கு இல்லை. கட்சிக்கொரு நிறத்தில் சீட்டு. எல்லோரும் பார்க்கப் பெட்டியில் போட வேண்டும். அபிரா நீலக் கட்சி வேட்பாளர், லூக்கா என்ற பையன் மஞ்சள் கட்சி. பெற்றோரும் வரலாம் என்றார்கள்.

வெறுங்கையோடு எப்படிப் போவது? விடிய எழும்பி மரக்கறி ரோல்ஸ் பொரித்தேன். வருகிறவர்களை வாசலிலேயே உபசரித்துப் பழகிய ஆள் நான். வகுப்பு வாசலில் தட்டோடு நின்றுவிட்டேன்.

"அம்மா, இப்ப குடுக்காதேங்கோ. இடைவேளைக்குக் குடுக்கலாம்."

"ஆறினால் நல்லா இராது பிள்ளை. சாப்பிடட்டும்."

சாப்பிட்டார்கள். பிறகு வரிசையாக வந்து நீலச் சீட்டையே போட்டார்கள். ஆசையாகத் தின்ற லூக்காவும் கையைத் துடைத்துவிட்டு நீலத்தைப் போட்டான்.

"அந்தக் காலத்திலும் வாசலில் சாப்பாடு கொடுத்து வாக்குச் சேர்ப்பார்கள்," என்று ஆசிரியை ஜெர்மனில் விளக்கினார். "இன்று அதற்குப் பெயர் தேர்தல் லஞ்சம்." தட்டோடு நின்ற என்னைப் படமும் எடுத்தார். மாலைக்குள் அது எல்லாப் பெற்றோரின் கைபேசிக்கும் போய்விட்டது.

"இஞ்சருங்கோ, பாஸ்போட் தராமல் விட்டிடுவினமோ?" என்று கணவரிடம் அழாக்குறையாகக் கேட்டேன்.

"ரோல்ஸ் எனக்கும் மிச்சம் வைச்சிருந்தால் ஆறுதல் சொல்லியிருப்பன்."

நேர்காணலில் ஆறுகள், மலைகள், கன்டோன் என்ற மாநிலங்கள் எல்லாம் ஒப்புவித்தேன். குழுவில் இருந்த முதியவர் கடைசியாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் லூக்காவின் தாத்தா. இன்றைக்கு ஒன்றும் கொண்டுவரவில்லையா?"

என் கை தானாகப் பையை இறுக்கி மூடியது. (ரோல்ஸ் உள்ளேதான் இருந்தது. வெறுங்கையோடு எப்படிப் போவது?)

"முடிவு வந்த பிறகு கொண்டுவருகிறேன்," என்றேன். அவர் அதையும் குறித்துக்கொண்டார்.

எங்கள் இருவருக்கும் சிவப்புப் பாஸ்போட் வந்துவிட்டது. இப்போதெல்லாம் தபாலில் வாக்குச்சீட்டு வரும்போது கணவர் அதை நிரப்பாமல் குசினி மேசையில் வைத்துவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவார்.

"என்ர வாக்கு இன்னும் முடிவாகேல்லை. அடுப்பில என்ன இருக்கு?"