பூமிக்குத் திருப்பிக் கொடுத்த தண்ணீர்

இருட்டிக் கொஞ்ச நேரத்தில் கொல்லைப்பக்கம் "குபுக்... குர்ர்ர்..." என்று ஒரு சத்தம். பூமி வாய் கொப்பளிக்கிற மாதிரி. தொட்டிலில் குழந்தை சிணுங்கியது. மனைவி பதறி எழுந்தாள். கணவருக்கோ முகமெல்லாம் பல்.

"பயப்படாதேம்மா. நம்ம மெஷின்தான். வெள்ளோட்டம்!"

அவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். ஊருக்கே கண்ணாடி மாட்டி விட்டதில், தம் பார்வைக்கு மட்டும் எந்தக் கோளாறும் வராது என்ற நம்பிக்கை. இந்தக் குளிர்காலத்தில் ஹீட்டருக்கு ஆகும் கரண்டு பில்லைப் பாதியாக்காமல் ஓய்வதில்லை என்று சபதம் போட்டு, கொல்லையில் இரண்டு துளை போட்டுவிட்டார். ஒன்று நிலத்தடித் தண்ணீரை உறிஞ்சும். மெஷின் அதிலிருக்கும் சூட்டைப் பிடுங்கி வீட்டுக்குக் கொடுக்கும். சூடு பறிகொடுத்த தண்ணீர் இன்னொரு துளை வழியாகப் பூமிக்கே திரும்பிப் போய்விடும்.

"குடிநீர் ஆபீஸ்ல அனுமதி கேட்டீங்களா?"

"கேட்டா வேண்டாம்பாங்க. அதான் கேக்கல."

"தண்ணியத் திருப்பி விடுற துளை நம்ம குடிதண்ணிக் கிணத்துக்குப் பக்கத்துலயே இருக்கே?"

"குழாய் மிச்சம்."

"சாக்கடை கீழ இறங்காம மூடியாட்டம் ஒரு களிமண் அடுக்கு இருக்காமே. அதையே ஓட்டை போட்டுட்டீங்களே!"

"சின்ன ஓட்டைதானே!"

"மெஷின் எண்ணெய் கசிஞ்சு கலந்தா?"

"கசியாது."

"கசிஞ்சா?"

"கசியவே கசியாதுங்கறேன்!"

"குழந்தைக்குப் பால் கரைக்கிறது அந்தத் தண்ணியிலதாங்க. தெருவே அதைத்தான் குடிக்குது."

"குழந்தைக்குப் பல் முளைச்சா யாரைக் கடிக்கும்னு இப்பவே பயப்படுறவ நீ. போய்த் தூங்கு!"

மனைவி சட்டென்று அடங்கிப் போனாள். அவள் வாதாடும்வரை ஆபத்தில்லை, அடங்கினால்தான் ஆபத்து என்று அவர் இதற்குள் கற்றிருக்க வேண்டும். கற்கவில்லை.

மறுநாள் காலை, துளை போட்டுக் கொடுத்த மேஸ்திரி, மெஷினை நிரந்தரமாகப் பொருத்த வந்தார். மனைவி ஜக்கும் டம்ளருமாகக் கணவர் முன்னால் வந்து நின்றாள்.

"மெஷின்லேருந்து போற தண்ணியைத்தானே இனிமே குழந்தை குடிக்கப் போகுது? முதல் டம்ளர் நீங்க குடிச்சுடுங்க."

"எனக்கு... இப்பத் தாகமில்லையே."

"குடிங்க சார்," என்றார் மேஸ்திரி. "சுத்தமான தண்ணின்னு எங்கிட்ட அடிச்சுச் சொன்னீங்களே!"

மானம் முன்னால் தள்ள, பயம் பின்னால் இழுக்க, ஒரு வாய் குடித்தார். நாக்கில் எண்ணெய் வழுக்கியது. இரண்டாம் வாயில் சாக்கடை நாறியது. மூன்றாம் வாயில் துரு கரகரத்தது. டம்ளர் காலியானபோது அவர் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"இன்னொரு டம்ளர் ஊத்தவாங்க?"

"ஐயோ, வேணாம்! மேஸ்திரி, கழட்டுய்யா! ரெண்டு துளையையும் அடியிலேருந்து களிமண் போட்டு அடைச்சிடு!"

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா சார்?"

"என் பிள்ளை குடிக்கிற தண்ணிய்யா அது!"

வயிற்றைப் பிடித்துக்கொண்டே அவர் பக்கத்தில் நின்று வேலை வாங்கினார். களிமண் இறங்கி, மேலே சிமெண்டும் பூசி, மேஸ்திரி மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போன பிறகுதான், மனைவி ஜக்கைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"நீங்க குடிச்சது குழந்தைக்குக் காய்ச்சி ஆறவெச்ச தண்ணிங்க. மெஷின் தண்ணியைப் போய் உங்களுக்குக் கொடுப்பேனா?"

விஷயம் அவர் மூளைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. வயிற்றுக்கு இன்னும் தகவல் போகவில்லை. அவர் ஓடிய ஓட்டத்தில் கழிவறைக் கதவு படாரென்று மூடி, உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.