சம்பந்தி பின்பக்கமாக நடந்து வந்த பாதை

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்குப் பணிவான வணக்கங்கள்.

‘சம்பந்தி’ என்று எழுதலாமா, ‘ஐயா’ என்று எழுதலாமா என்று இங்கே காலையிலிருந்து வழக்கு நடந்தது. கடைசியில் என் மனைவிதான், "சம்பந்தின்னே போடுங்க. வேண்டாம்னா அவரே பேனாவால அடிச்சுக்கட்டும்" என்று தீர்ப்புச் சொன்னாள். ஆகவே போட்டிருக்கிறேன். நாங்கள் நலம். தங்கள் நலத்தையும், குறிப்பாகத் தங்கள் இடது கணுக்காலின் நலத்தையும், தங்கள் துணைவியாரின் நலத்தையும் அறிய ஆவலாக இருக்கிறோம். இது ஒரு மன்னிப்புக் கடிதம். அதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் போகப்போக அப்படித் தெரியாமல் போய்விடும் என்று என் மகள் பயப்படுகிறாள்.

இந்த ஊரைப் பற்றித் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மகளுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்ததால் நானும் மனைவியும் ஓய்வுக் காலத்தில் இங்கே வந்து சேர்ந்தோம். ஏரி அழகான ஏரி, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதை நாற்காலியில் உட்கார்ந்தே பார்க்கலாம் என்பது இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. எல்லோரும் நடக்கிறார்கள். ஏரியைச் சுற்றி நீலப் புள்ளிப் பாதை, காட்டுக்குள் சிவப்புப் புள்ளிப் பாதை, மேலே பாறைக்குப் போக மஞ்சள் புள்ளிப் பாதை. காலையில் பால் எடுக்கக் கதவைத் திறந்தால் கையில் தடியோடு யாராவது நின்று, "இன்னும் காட்டுக்குப் போகலையா சார்?" என்கிறார்கள், என்னவோ காட்டில் வருகைப் பதிவேட்டில் நான் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிற மாதிரி. பக்கத்து வீட்டுப் பல் டாக்டர்தான் இவர்களுடைய நடைச் சங்கத்துக்குச் செயலாளர். மழையில் மஞ்சள் புள்ளிகள் அழிந்துபோய்விட்டன, மறுபடி பூசித் தர முடியுமா என்று அவர் என்னைக் கேட்டது எங்கே தெரியுமா? அவருடைய நாற்காலியில், என் வாய் நிறையப் பஞ்சை அடைத்துவிட்டு. அந்த நிலையில் மனிதன் எதைச் சொன்னாலும் அது சம்மதமாகத்தான் வெளியே வரும்.

சரி, ஒப்புக்கொண்டதைச் செய்தேன். வேலையில் யாரும் என்னைக் குறை சொன்னது கிடையாது. வாழ்நாள் முழுக்கச் சாலைப் பலகைத் துறையில், ஊரைவிட்டு வெளியே போகிற வண்டிகளுக்கான பிரிவில் இருந்தவன் நான். எங்கள் துறையில் முதல் பாடமே, பலகையின் முகம் வருகிறவனைப் பார்த்து இருக்க வேண்டும், முதுகில் ஒன்றும் இருக்கக் கூடாது என்பதுதான். முதுகில் எழுதினால் எதிரே வருகிறவன் குழம்பிப் போவான். திரும்பி வருகிறவர்களுக்குப் பலகை வைப்பது வேறு பிரிவு. அது மூன்றாம் மாடியில் இருந்தது. அந்தப் பிரிவுத் தலைவரோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை. இந்த முறைப்படியேதான் மரங்களுக்கும் செய்தேன். கடைத்தெரு முனையில் விளக்குக் கம்பங்களில் ஆரம்பித்து, காட்டு மரங்கள் வழியாகப் பாறை வரைக்கும், நடக்கிறவனின் கண்ணுக்கு நேராக, உள்ளங்கை அகலத்தில், ஒழுகாமல், பிசிறில்லாமல் பூசினேன். பாறையை அடைந்ததும் என் முழங்கால், ‘இதோடு சரி, இனி உன் பாடு’ என்றுவிட்டது. நல்லவேளையாகக் கீழே மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு படகுக்காரர் என்னை ஏற்றிவந்து கரையில் விட்டார். ஆக, வந்த வழியே நான் திரும்பி நடக்கவில்லை. நடந்திருந்தால்தானே மரத்தின் மறுபக்கம் மொட்டையாக இருப்பது தெரியும்? இதில் என் தவறு எங்கே இருக்கிறது என்று நிதானமாக யோசித்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் என் மனைவி எட்டிப் பார்த்து, "மன்னிப்புங்கிற வார்த்தை இன்னும் வரலையே" என்கிறாள். வரும். கொஞ்சம் பொறுங்கள்.

அன்று தாங்களும் துணைவியாரும் வந்தது எதற்காக? என் மகளும் கண்ணாடிக் கடை வைத்திருக்கிற தங்கள் பிள்ளையும் ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள், பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்துவிடலாம் என்பதற்காக. தங்கள் பிள்ளை இல்லாவிட்டால் அவளுக்கு வாழ்க்கையில் யாரும் வேண்டாம். இது எனக்குத் தெரியும், அவள் அம்மாவுக்குத் தெரியும், ஏரியில் இருக்கிற வாத்துக்குக்கூடத் தெரியும். சாப்பாடு முடிகிற வரைக்கும் எல்லாம் வெண்ணெயாகத்தான் போனது. தாங்களே, "தேதியைச் சாயங்காலம் பேசிடலாம்" என்றீர்கள். அப்புறம், "பக்கத்துல பார்க்கிற மாதிரி ஏதாவது இருக்கா?" என்று கேட்டீர்கள். என் மனைவி ஏரிக்கரை பெஞ்சைச் சொன்னாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? மஞ்சள் பாதையைச் சொன்னேன். "சின்னக் குழந்தைகூட வழி தப்பாதுங்க, புள்ளியைப் பிடிச்சுக்கிட்டே போக வேண்டியதுதான்" என்றேன். கூட வருகிறேன் என்றும் சொன்னேன், மறந்துவிடாதீர்கள். அதற்குத் தாங்கள் என்ன சொன்னீர்கள்? "நான் பூகோள வாத்தியார். எனக்கே வழி காட்ட ஆளா? நம்ம குடும்பத்துல முன்வச்ச காலைப் பின்வச்ச வழக்கமே கிடையாது." நான் பாட்டுக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு காட்டுக்குள் நடந்ததைத் தங்கள் துணைவியார் என் மனைவியிடம் போனில் சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன், கூடக் குறைய இருந்தால் அவர்களைக் கேளுங்கள். பாறை வரைக்கும் போனது ராஜபாட்டை. ஏரியைப் பார்த்தீர்கள், ஏரியின் நீளம் அகலத்தைப் பற்றிப் பாடம் நடத்தினீர்கள். திரும்பினால் ஒரு மரத்திலும் மஞ்சள் இல்லை. "எவனோ அழிச்சிட்டான்" என்றீர்களாம். சூரியனைப் பார்த்துத் திசை சொல்கிறேன் என்றீர்கள், மேகம் மூடிவிட்டது. பாசி வடக்குப் பக்கம்தான் வளரும் என்றீர்கள், இந்தக் காட்டுப் பாசிக்கு அந்தப் பாடம் நடக்கவில்லை போலிருக்கிறது, மரத்தைச் சுற்றிலும் வளர்ந்திருந்தது. போன் பண்ணலாமே என்று அவர்கள் சொன்னதற்கு, "வழி தெரியலைன்னு நானே ஊருக்குத் தண்டோரா போடணுமா?" என்று கேட்டீர்களாம். சுற்றிச் சுற்றி, விழுந்து கிடந்த ஒரே மரத்துக்கே திரும்பத் திரும்ப வந்து சேர்ந்த பிறகுதான், துணைவியார் தற்செயலாகத் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். கடந்து வந்த மரத்தில் பளிச்சென்று மஞ்சள். முன்னால் பார்த்தால் இல்லை, பின்னால் பார்த்தால் இருக்கிறது. புத்திசாலி அம்மாள், உடனே பிடித்துக்கொண்டார்கள். "நான் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சொல்றேன், நீங்க நேரா நடங்க" என்றார்கள். நியாயமான யோசனை. ஆனால் மனைவி சொன்னதை நம்பி நடக்கிற பழக்கம் தங்களுக்கு இல்லை. புள்ளியைத் தங்கள் கண்ணாலேயே பார்த்தாக வேண்டும் என்று, தாங்கள் பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தீர்கள். துணைவியார் தங்கள் கையைப் பிடித்துக்கொண்டு "கல்லு, வேரு, பள்ளம்" என்று சொல்லிக்கொண்டே கூட்டிவந்தார்கள். பள்ளம் என்று சொன்ன ஓர் இடத்தில் தாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கணுக்கால் அப்போது ஆனதுதான்.

காடு முடிந்ததும் திரும்பி நேராக நடந்திருக்கலாமே ஐயா? அதைத்தான் நான் இன்றுவரைக்கும் கேட்கிறேன். தாங்கள் மரத்தை விட்டால் விளக்குக் கம்பம் என்று அடுத்த புள்ளியைப் பிடித்துக்கொண்டீர்கள். கம்பத்திலும் அவ்வளவு சுத்தமாகப் பூசித் தொலைத்திருந்தேன். சாயங்கால நேரம், கடைத்தெரு முழுக்க ஜனம். முடிதிருத்தும் கடையில் பாதி முகம் சோப்போடு இருந்தவர்கள் எல்லாம் துணியைப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். ரொட்டிக் கடைக்காரர், "ஐயாவுக்கு ஏதாவது வேண்டுதலா?" என்று விசாரித்தார். யாரோ ஒரு புண்ணியவான் கை தட்ட ஆரம்பித்தார், கூட்டமே தட்டியது. ஜனங்கள் விலகி வழி விட்டார்கள். அந்த வழியில்தான் என் மகள் வேலை முடிந்து எதிரே வந்தாள். தங்கள் முதுகுதான் முதலில் அவளிடம் வந்து சேர்ந்தது. பயந்துபோய் நின்றாள், ஆள் யாரென்று பார்த்தாள், அப்புறம் சிரித்துவிட்டாள். சும்மா சிரிக்கவில்லை, விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். புதிதாகப் பூசியிருந்த மஞ்சள் அவள் கன்னத்தில் ஒட்டிக்கொண்டதுகூட அவளுக்குத் தெரியவில்லை. அந்தச் சிரிப்பு அவள் அம்மா வழிச் சொத்து. அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் சிரிப்பை அடக்கத் தெரியாது. மனதில் ஒன்றும் இருக்காது. ஆனால் தாங்கள் அங்கேயே நின்று, "மாமனாரைப் பார்த்துச் சிரிக்கிற பொண்ணு நமக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டீர்கள். எங்கள் வீட்டில் விட்டுப்போன குடை இன்னும் இங்கேதான் இருக்கிறது.

இத்தனைக்கும் இங்கே என்னை யாராவது சும்மா விட்டார்களா? நடைச் சங்கக் கூட்டத்தில் என்னைக் கூண்டில் ஏற்றாத குறைதான். மறுபக்கமும் பூசிவிடுங்கள் என்றார்கள். அது வேறு பிரிவு என்றேன். பல் டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தால், "மரத்துக்கு ரெண்டு பக்கம் இருக்குன்னு தெரியாத மனுஷனோட இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன்" என்று இவள் ஆரம்பித்தாள். "நான் துறை விதிப்படி செஞ்சேன்டி" என்றால், "அப்ப உங்க துறையிலயே பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக் கொடுக்கச் சொல்லுங்க" என்கிறாள். வண்ண டப்பாவையும் தூரிகையையும் வாசல்படியில் வைத்துவிட்டாள், நான் போகும்போதும் வரும்போதும் தடுக்கட்டும் என்று. தடுக்கிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் எடுக்கவில்லை. எடுத்தால் தப்பை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா?

இதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டில்லை. என் மகள்தான். அன்றிலிருந்து அவள் சிரிக்கவே இல்லை. வேலைக்குப் போகிறாள், வருகிறாள், தட்டில் இருப்பதைக் கிளறிவிட்டு எழுந்துவிடுகிறாள். தங்கள் பிள்ளை தினமும் போன் பண்ணுகிறார். "அப்பா மனசு மாறட்டும், அதுவரைக்கும் பொறுத்துக்க" என்கிறாராம். இவளும் சரி சரி என்கிறாள். நான் வேண்டுமென்றே டீயில் உப்பைப் போட்டுக் குடித்துப் பார்த்தேன், முன்னெல்லாம் அதற்கே உருண்டு புரளுவாள். "அப்பா, அது உப்பு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் சிரிப்புச் சத்தம் இல்லாத வீட்டில் எனக்கு இருப்பே கொள்ளவில்லை.

ஆகவே, ஒளிவுமறைவு இல்லாமல் எழுதுகிறேன். தவறு முழுக்க முழுக்க என்னுடையது. மரத்துக்கு இரண்டு பக்கம் உண்டு. என்னை மன்னித்துவிடுங்கள். அவள் சிரித்ததையும் என் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள், அவளைத் தண்டிக்காதீர்கள். கல்யாணத் தேதியைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். தாங்கள் எப்போது சொன்னாலும் சரி, எத்தனை காலம் ஆனாலும் சரி, காத்திருக்கிறோம். அன்று மாலை கடைத்தெருவில் நடந்ததை என் ஆயுளில் இனி வாய்திறந்து பேச மாட்டேன், என் வீட்டில் யாரையும் பேசவும் விட மாட்டேன். தாங்கள் இந்த ஊருக்கு மறுபடி வர வேண்டிய அவசியமும் இல்லை, நாங்களே அங்கே வந்து நேரில் வணங்குகிறோம்.

தங்கள் துணைவியாருக்கு என் மனைவியின் அன்பு. தங்கள் பிள்ளைக்கு எங்கள் எல்லோருடைய ஆசிகள். கணுக்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவும். குடும்பத்தோடு தாங்கள் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் கோபம் தணிய வேண்டி நிற்கும்,
பெண்ணின் தகப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்காக எச்சிலைத் தொட்ட நேரத்தில் மகளின் போன் அடித்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள், கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். தங்கள் குரல். தங்கள் வீட்டில், நண்பரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, எங்களுக்கும் தெரியாமல் பஸ் ஏறி வந்து, நேராக நடந்தே திரும்பிக் காட்டுகிறேன் பார் என்று தனியாக அந்தப் பாதையில் ஏறியிருக்கிறீர்கள். இப்போது பாறைமேல் உட்கார்ந்திருக்கிறீர்கள். பின்பக்கமாக நடக்கலாம் என்றால் பள்ளம் சொல்ல ஆளில்லை. "மருமகளே, மாமா பேசறேம்மா. யார்கிட்டயும் சொல்லாதே. சிரிக்காம கேளு" என்றீர்கள். அவள் சிரிக்காமல் கேட்டாளா? பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் தாங்களும் சிரித்தது எங்களுக்குக் கேட்டது. ஆகவே மேலே எழுதிய மன்னிப்பு, காத்திருப்பு, வாய்திறக்காமை எல்லாவற்றையும் வாபஸ் வாங்குகிறேன். ‘மருமகளே’ என்றதை நானும் கேட்டேன், என் மனைவியும் கேட்டாள், குடையை இரவல் கேட்க வந்த பல் டாக்டரும் கேட்டார். இனி மாற்ற முடியாது. அங்கேயே இருங்கள். டப்பாவையும் இந்தக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு, மறுபக்கத்தைப் பூசிக்கொண்டே வருகிறேன். நான் ஒவ்வொரு மரமாக வருவதற்குள் ஒரு நல்ல தேதியாக யோசித்து வையுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமே என்று கவலைப்பட வேண்டாம். நான் இந்த வரியை எழுதி முடிப்பதற்குள் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டாள். தாங்கள் கூப்பிட்டது அவளைத்தானே.