ஐவர் கண்ட கால்

ஊரே அந்த மாடிக்குத்தான் ஏறியது. மற்ற இடங்களில் ஒரு ஜோசியர். இங்கே ஐந்து பேர். ஐந்து அறை, ஐந்து கதவு, ஐந்து தாடி. பெயரைக்கூடக் கேட்காமல் கண்ணை மூடியே வந்தவர் குறையைச் சொல்லிவிடுவார்களாம். ஒருவர் சொல்வது இன்னொருவர் காதில் விழாது என்று வாசலில் பலகையே வைத்திருந்தார்கள். ஒவ்வொருவர் வாக்கும் நூற்றுக்கு எழுபது பலிக்கும். ஐந்தும் சேர்ந்து பொய்க்க? கூடத்தில் உட்கார்ந்திருந்த மேலாளர் கால்குலேட்டரைத் தட்டிக் காட்டுவார்: கால் சதவீதம்கூடக் கிடையாது. கணக்கு என்றதும் படித்தவர்களும் வரிசையில் நின்றார்கள்.

அந்த வரிசையில் அச்சகத்தில் பிழை திருத்தும் ஒருத்தியும் அவள் அண்ணனும் நின்றார்கள். அண்ணனுக்குப் பித்தப்பையில் கல். இந்த வாரமே எடுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணனோ, "அஞ்சு பேரும் சரின்னாத்தான் ஆபரேஷன்" என்று ஒற்றைக் காலில் நின்றான். அவளுக்கு எரிச்சலைவிடப் பயம்தான் அதிகம்.

முன்மேசைப் பெண் ஒரு படிவத்தை நீட்டினாள். அதில் நிரப்ப இரண்டே வரி: என்ன தொல்லை, என்ன கேள்வி?

"இது சும்மா ஃபைலுக்கு. உள்ள போகாது" என்றாள்.

அண்ணன் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். அதனால் தங்கைதான் எழுதினாள். 'கல்' என்று எழுதப் போனவள், சற்று யோசித்து நடுவில் ஒரு துணைக்காலைச் செருகினாள். 'கால். ஆபரேஷன் செய்யலாமா?'

முதல் தாடி கண்ணை மூடியது. "வலது கால்ல கோளாறு. கத்தி படக்கூடாது."

அண்ணன் ஒரு கணம் விழித்தான். அப்புறம் முகம் மலர்ந்தது. "நேத்து படி எறங்கறப்ப சுருக்குன்னுச்சு. அதையும் புடிச்சுட்டாரு பாரு."

நம்புவதென்று முடிவு செய்தவனுக்கு ஆதாரத்துக்கா பஞ்சம்? இரண்டாமவருக்கு இடது கால் தெரிந்தது. மூன்றாமவருக்கு முழங்கால், நான்காமவருக்குப் பாதம். ஐந்தாமவர் விவரமானவர், "இடுப்புக்குக் கீழ" என்று நிறுத்திக்கொண்டார். கத்தி வேண்டாம் என்பதை மட்டும் எல்லாரும் சொன்னார்கள்.

"வயித்தப் பத்தி ஒருத்தரும் பேசலையே" என்று அண்ணன் வலிக்கிற இடத்தைத் தடவிக்கொண்டான்.

மேலாளர் அறிவித்தார்: "கால்ல கத்தி வைக்காதீங்க. தொண்ணூத்தொம்பதே முக்கால் சதவீதம்."

"எங்க அண்ணனுக்குக் காலு இல்லைங்க, கல்லு" என்றாள் தங்கை, கூடம் முழுக்கக் கேட்கும்படி. "படிவத்துல நான் வேணும்னே ஒரு எழுத்தைக் கூட்டினேன். அஞ்சு புஸ்தகத்துல ஒரே அச்சுப்பிழை இருந்தா, அஞ்சும் ஒரே அச்சுல வந்ததுன்னு அர்த்தம். இங்க அஞ்சு பேர் பார்க்கல. ஒரே காகிதத்தை அஞ்சு பேர் படிச்சிருக்காங்க."

"எழுத்துப் பிழை சகஜம்தானேம்மா" என்றார் மேலாளர்.

அடுத்து நின்ற தையல்காரர் தன் படிவத்தில் 'மூட்டு' என்பதை 'மூட்டை' ஆக்கிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். படிவம் பின்கதவு வழியாகப் போயிருக்க வேண்டும். "பெரிய சுமை தூக்கறே" என்று உள்ளிருந்து குரல் வந்தது. கூடம் சிரித்தது. ஒருவர் பேச்சு இன்னொருவர் காதில் விழாது என்பது மட்டும் உண்மைதான் போலிருக்கிறது. அடுத்த அறையும் மூட்டையையே சொன்னது.

படி இறங்கும்போது அண்ணன் கேட்டான். "அப்ப நாலு பேர்கிட்ட கேக்கறதே தப்பா?"

"கேளு. இன்னொரு டாக்டர்கிட்டயும் கேளு. ஆனா மொத டாக்டர் என்ன சொன்னாருன்னு சொல்லாம கேளு."

இரண்டாவது டாக்டரும் தானாகப் பார்த்து அதையே சொன்னார். கல்லை எடுத்தார்கள், அண்ணன் பிழைத்தான்.

கூட்டம் இப்போது அடுத்த தெருவில் நிற்கிறது. அங்கே ஏழு பேராம். அன்பர்களே, தலைகளை எண்ணுவதை வேண்டாம் என்று சொல்லவில்லை. எண்ணும்போது உங்கள் கழுத்துக்கு மேல் இருப்பதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.