விரிசலைப் படமெடுக்க ஒரு கேமரா

பிஸெர்த்தாவுக்கும் தபர்க்காவுக்கும் நடுவில் இருக்கிற எங்கள் சிறிய துறைமுக ஊரில், செப்டம்பர் முதல் வாரத்தில், ஒரு சுவரில் விரிசல் விழுந்தது. சுவரின் வயது நூற்றிருபது. அந்த வயதில் விரிசல் விடுவதற்கு ஒரு சுவருக்கு முழு உரிமை உண்டு. ஆகவே இந்த விஷயத்தில் யார்மீதும் குற்றம் இல்லை என்பதை எதிர்வீட்டுக்காரன் என்ற முறையில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அது பெய்யாவின் வீட்டுச் சுவர். பெய்யா மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். எதையும் அளக்காமல் நம்ப மாட்டாள். தொழிலுக்கு வைத்திருந்த அளவுகோலைக் கொண்டுவந்து விரிசலை அளந்தாள். நான்கு மில்லிமீட்டர். அந்தச் சுவரை நம்பித்தான் அவளுடைய சமையலறை நின்றது. அக்டோபர் கடைசியில் மழை தொடங்கிவிடும். அதற்குள் சுவரைப் பூசி இறுக்கிவிட்டால் சமையலறை நிற்கும். இல்லாவிட்டால் தெருவுக்கு வந்துவிடும். கணக்கு அவ்வளவுதான்.

ஊரின் பழைய பகுதியில் வெளிச்சுவரைப் பூச்சுக் கரண்டியால் தொடுவதற்கு எழுத்து மூலமான அனுமதி வேண்டும். அதைத் தருவது சுவர்கள், முகப்புகள், பால்கனிகள் துணைப்பிரிவு. அதன் அதிகாரி ஹஸ்ஸூனா, கடமை தவறாதவர். அவருடைய நாற்காலியிலிருந்து ஜன்னல் வழியே பார்த்தால் நாற்பதடி தூரத்தில் பெய்யாவின் சுவர்.

"ஐயா, அதோ தெரியுதே, அந்தச் சுவர்தான்" என்றாள் பெய்யா.

ஹஸ்ஸூனா திரும்பிப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.

"தெரியுது மேடம். பெரிய விரிசல்தான். ஆனா நான் பாத்ததை ஃபைல்ல ஒட்ட முடியாதே."

பெய்யா செல்பேசியில் எடுத்த படத்தைக் காட்டினாள். செல்பேசிப் படங்கள் செல்லாது என்று பதினேழாம் எண் சுற்றறிக்கை சொல்வதாக அவர் விளக்கினார். செல்பேசி யாரையும் கேட்காமல் தானே முடிவெடுத்துப் படத்தை அழகாக்கிவிடுகிறது. முடிவெடுக்கும் அதிகாரம் அலுவலகத்துக்கு மட்டுமே உண்டு. எனவே படம், லென்ஸ் மாற்றக்கூடிய டிஎஸ்எல்ஆர் கேமராவில், விண்ணப்பதாரரின் சொந்தக் கையால் எடுக்கப்பட வேண்டும். அச்சிட்ட படத்தைப் படக்கடைக்காரரே உறையிலிட்டு முத்திரை வைத்து நேராக அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும்.

அலுவலகத்தில் கேமரா இல்லையா என்று அவள் கேட்டாள். இருந்தது. அலமாரியில் இருந்தது. அலமாரியின் சாவி, அதை வைத்திருந்தவரோடு சேர்ந்து ஓய்வு பெற்றுவிட்டது.

ஆகவே பெய்யா ஒரு டிஎஸ்எல்ஆர் வாங்க முடிவுசெய்தாள். வாழ்க்கையில் முதல் கேமரா. எதை வாங்குவது என்று தெரியாததால், தெரிந்தவர்களிடம் கேட்கப் போனாள். அவள் செய்த தவறு அது ஒன்றுதான்.

தெரிந்தவர்கள் துறைமுகக் காப்பிக்கடையில் இருந்தார்கள். டிஎஸ்எல்ஆர் நண்பர்கள் சங்கம் என்று பெயர். தலைவர் கமூன். எல்லோரும் பதினோரு பை வைத்த காக்கிச் சட்டை போட்டிருப்பார்கள். பைகளில் லென்ஸ் துடைக்கும் துணி இருக்கும். கமூனிடம் கேமராக்கள் மட்டும் ஏழு. கடற்கரைக் காற்றில் உப்பு இருப்பதால் அவற்றில் எதையும் அவர் வெளியே எடுப்பதில்லை. எங்கள் ஊரில் கடற்கரையைத் தவிர வேறு வெளி இல்லை.

சங்கம் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தது. சிவப்புப் பெட்டிக் கேமராக்காரர்கள் வாசல் பக்க மேசை. மஞ்சள் பெட்டிக் கேமராக்காரர்கள் கழிப்பறைப் பக்க மேசை. கலப்புத் திருமணம் ஒன்றே ஒன்று நடந்திருக்கிறது. அந்தத் தம்பதி தபர்க்காவுக்குக் குடிபோய்விட்டார்கள்.

"தொடக்கநிலைக் கேமராவை மட்டும் வாங்கிடாதீங்க பெய்யா அக்கா" என்றார் கமூன். "ஆறு மாசத்துல நீங்க வளந்துடுவீங்க. அது சின்னதாயிடும்."

"எனக்கு ஆறு மாசம் இல்லப்பா. ரெண்டு மாசத்துல மழை."

"எதைப் படம் எடுக்கப் போறீங்க?"

"சுவரை."

இரண்டு மேசையிலும் காப்பிக் கோப்பைகள் கீழே வைக்கப்பட்டன. அப்புறம் ஆளுக்கொரு திசையில் அறிவுரை கிளம்பியது. பதினெட்டு மெகாபிக்சல் போதும் என்றது ஒரு மேசை. இருபத்துநான்குக்குக் கீழே எடுத்தால் சுவருக்கே அவமானம் என்றது இன்னொன்று. பழைய கேமரா வாங்கு, ஆனால் அது எத்தனை முறை சொடுக்கியிருக்கிறது என்று பார் என்றார்கள். புதிதே வாங்கு, பழையதை வாங்குகிறவர்கள் பழையதையே எடுப்பார்கள் என்றார்கள். கேமராவோடு வரும் லென்ஸைத் தூக்கி எறிந்துவிட்டு ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ் வாங்கு என்பதில் மட்டும் இரண்டு மேசைகளும் ஒன்றுபட்டன. அது பின்னணியை மங்கலாக்கி வெண்ணெய் மாதிரி உருக்கிவிடுமாம். நாள் முழுவதும் லென்ஸோடு வாழ்கிறவளுக்கு லென்ஸ் என்றால் என்ன என்று இரண்டு மணி நேரம் விளக்கினார்கள். விளக்கியவர்களில் பாதிப் பேர் அவள் தேய்த்த கண்ணாடியைத்தான் மாட்டியிருந்தார்கள்.

"எனக்குப் பின்னணி உருகக் கூடாது. பின்னணிதான் எனக்கு வேணும்" என்றாள் பெய்யா.

"ஆரம்பத்துல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார் கமூன் கனிவோடு.

ஒப்பீட்டுப் பட்டியல்கள் வந்தன. கேமராப் பெட்டியைப் பிரிப்பதை மட்டுமே காட்டும் காணொளிகள் வந்தன. பெய்யா ஒழுங்கானவள், எல்லாவற்றையும் படித்தாள், பார்த்தாள். மூன்று வாரம் போயிற்று. விரிசல் ஒன்பது மில்லிமீட்டர்.

நான்காம் வாரம் அவள் கேமராக் கடைக்குப் போய், இருப்பதிலேயே எளிய தொடக்கநிலைக் கேமரா ஒன்றை வாங்கினாள். அன்றைக்கே சுவரை எடுத்தாள். விரிசல் உச்சியிலிருந்து அடி வரைக்கும் துல்லியமாகத் தெரிந்தது. முத்திரையிட்ட உறை அலுவலகம் போயிற்று.

ஹஸ்ஸூனா படத்தைப் பாராட்டினார். ஆனால் ஒரு சிக்கல். இது ஒரு விரிசல். எந்த ஊர் விரிசல் என்று எப்படித் தெரியும்? நாட்டில் விரிசல்களுக்குப் பஞ்சமில்லை. விண்ணப்பதாரர் அடையாள அட்டையோடு படத்தில் நிற்க வேண்டும்.

"நான் உள்ள நின்னா படத்தை யார் எடுக்கறது? என் கையாலதானே எடுக்கணும்?"

"ஆமா மேடம். கைதான் சொல்லியிருக்கு. கை எங்க நிக்கணும்னு சொல்லலை."

கமூன் உதவிக்கு வந்தார். அவருடைய முக்காலி, அவருடைய ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ். நீளமான கம்பியின் நுனியில் ஒரு பொத்தான்; அதைப் பெய்யா கையில் பிடித்துக்கொண்டாள். இவ்வாறு சுற்றறிக்கை நிறைவேற்றப்பட்டது. சுவரை ஒட்டி நின்றவளைக் கமூன் நான்கு எட்டு முன்னால் வரச் சொன்னார். சுவரை ஒட்டி நின்றால் போலீஸ் ஸ்டேஷன் படம் மாதிரி இருக்குமாம். கேமராவில் எதையெதையோ திருகினார். அவள் பொத்தானை அழுத்தினாள். மறுநாள்தான் அனுமதிக் குழு அந்த மாதம் கூடும் கடைசி நாள் என்பதால் உறை கடையிலிருந்து நேராக அலுவலகம் போயிற்று. பெய்யா அந்தப் படத்தை முதன்முதலாகப் பார்த்தது ஹஸ்ஸூனாவின் மேசையில்.

பெய்யாவின் முகம் இமைமயிர் வரைக்கும் தெளிவாக இருந்தது. அவளுக்குப் பின்னால் சாயங்காலம் மாதிரி ஏதோ ஒன்று பொன்னிறமாக மிதந்தது.

"மேடம், இதுல விரிசல் எங்க?" என்றார் ஹஸ்ஸூனா.

"இதுல சுவரே எங்கய்யா?"

"ஆனா படம் பிரமாதம். நிஜமாவே நீங்க எடுத்ததா?"

விரிசல் இல்லாத சுவருக்கு அனுமதி தேவையில்லை என்று விண்ணப்பம் தள்ளுபடியானது. விண்ணப்பத்தோடு வரும் படங்கள் அலுவலகத்தின் சொத்து. எனவே அந்தப் படம் அலுவலகம் நடத்திய 'நம் ஊரின் முகங்கள்' போட்டிக்கு அனுப்பப்பட்டு, முதல் பரிசு பெற்று, பெரிதாக்கப்பட்டு, மாடிப்படியில் மாட்டப்பட்டது.

பெய்யா வீட்டுக்கு வந்து கேமராவின் கையேட்டை உட்கார்ந்து படித்தாள். மறுநாள் சுவரை ஒட்டி நின்று, அட்டையைத் தூக்கிப் பிடித்து, தானே எடுத்தாள். முகம் தெளிவு, அட்டை தெளிவு, விரிசலும் தெளிவு. குறை சொல்ல எதுவும் இல்லை. ஹஸ்ஸூனா இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு முரணா இருக்கு மேடம். ஒண்ணுல விரிசல் இருக்கு, ஒண்ணுல இல்ல. பரிசு வாங்கினதை நான் எப்படிப் பொய்னு எழுதறது? நடுவர் குழுவுல நானும் இருந்தேன்."

இதற்குள் ஊர் மாறிவிட்டது. மாடிப்படியில் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் அதே மாதிரி ஒரு படம் வேண்டியிருந்தது. கடையில் ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ் தீர்ந்து, பிஸெர்த்தாவிலிருந்து வரவழைத்தார்கள். மாப்பிள்ளைகள் எங்கள் ஊர் வழக்கப்படி காதில் மல்லிகைச் செண்டு செருகிக்கொண்டு வந்தார்கள். நிச்சயதார்த்தக் கோஷ்டிகள் வந்தன. கமூன் இருபது வருடத்தில் முதல் முறையாக ஒரு கேமராவை வெளியே எடுத்தார். அலுவலகம் அந்த இடத்தை 'அங்கீகரிக்கப்பட்ட பின்னணி' என்று அறிவித்து, தரையில் நான்கு எட்டுத் தூரத்தில் வெள்ளைக் கோடு போட்டது. சுவரில் சாரம் கட்டக் கூடாது, முட்டுக் கொடுக்கக் கூடாது, பின்னணி கெட்டுவிடும்.

பெய்யா ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, வருகிறவர்களிடம் எல்லாம் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தாள். கொஞ்சம் திரும்பிச் சுவரையும் ஒரு படம் எடுங்கள் என்றாள். எல்லோரும் எடுப்பதாகச் சொன்னோம். அந்த வாரம் விரிசல் இருபத்திரண்டு மில்லிமீட்டர். ஒரு பூனைக்குட்டி அதற்குள் போய்வந்துகொண்டிருந்தது.

நவம்பர் மூன்றாம் தேதி, நான்கு நாள் மழைக்குப் பிறகு, பகல் சாப்பாட்டு நேரத்தில் சுவர் விழுந்தது. யாருக்கும் அடியில்லை, பெய்யா கடையில் இருந்தாள். அவளுடைய சமையலறை தெருவைப் பார்த்துத் திறந்து நின்றது. அடுப்பு, அதன்மேல் கெண்டி, ஆணியில் துண்டு. மீதியெல்லாம் வெள்ளைக் கோட்டின் மேல் கிடந்தது.

விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. குழு நியாயமானது. ஒன்றுக்கொன்று முரண்படும் பெய்யாவின் படங்களை ஒதுக்கிவிட்டு, விரிசல் இருந்ததா இல்லையா என்பதை ஊர்மக்களின் படங்களை வைத்தே தீர்மானிக்கலாம் என்றது. ஒரு வாரத்தில் ஆயிரத்து நூற்று அறுபத்துநான்கு படங்கள் வந்தன. கூட்ட அறையில் நீளமான மேசைகளைப் போட்டு எல்லாவற்றையும் பரப்பினார்கள். பெய்யா கடையிலிருந்து பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து இரண்டு நாள் ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். மாப்பிள்ளைகள், மணப்பெண்கள், கமூன், ஹஸ்ஸூனாவின் மகள். எல்லோருக்கும் பின்னால் அதே பொன்னிறம். ஒரு கோடுகூட இல்லை.

அடுத்து சாட்சிகளை அழைத்தார்கள். எதிர்வீட்டுக்காரன் என்பதால் என்னை முதலில் கேட்டார்கள். விரிசலைப் பார்த்தீர்களா? நான் யோசித்து உண்மையைச் சொன்னேன். நான் அந்தச் சுவருக்கு எப்போதும் முதுகைக் காட்டித்தான் நின்றிருக்கிறேன். எனக்குப் பின்னால் வந்த முப்பத்தோரு பேரும் அதே வாக்குமூலத்தின் கீழே கையெழுத்துப் போட்டார்கள்.

குழுவின் முடிவு தெளிவாக இருந்தது. விரிசல் இல்லாத சுவர் தானாக விழாது. இந்தச் சுவர் விழுந்திருக்கிறது. ஆகவே உரிமையாளரால் அனுமதியின்றி இடிக்கப்பட்டிருக்கிறது. தொண்ணூறு நாளுக்குள் அவரே அதை, பரிசுபெற்ற படத்தில் உள்ளபடி, திரும்பக் கட்ட வேண்டும். அவள் செப்டம்பரில் கேட்ட எழுத்து மூலமான அனுமதி இந்த உத்தரவின் இரண்டாம் பத்தியில் அவளுக்கு வழங்கப்பட்டிருந்தது.

கொத்தனார் பரிசுப் படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல எந்த இடத்துல இருந்து கல்லு ஆரம்பிக்குது மேடம்?" என்றார்.

பெய்யா கூட்ட அறையின் மேசையில் இருந்த படங்களைச் சேர்த்து, உரியவர்களிடம் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னுடையதும் வந்தது.

"படத்துல நீங்க நல்லா வந்திருக்கீங்க, அண்ணே" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். உண்மையாகவே நன்றாகத்தான் வந்திருந்தேன்.