காதால் படித்த இன்ஜின்

உலக வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டிய செய்தி: ஞாயிறு காலை ஏழு மணிக்கு, பழங்கார் சங்கத் தலைவரின் ஐம்பத்தெட்டு வயதுக் கார் 'டக் டக்' என்றது.

ஞாயிறன்று மட்டுமே வெளியே வரும் கார் அது. அன்று மாலை நான்கு மணிக்குச் சங்கத்தின் ஊர்வலம். முப்பது கார்களுக்கும் முன்னால் தலைவரின் கார் போகவேண்டும். இரண்டாவதாக வருபவர் பல் டாக்டர், சங்கத்தின் துணைத்தலைவர். இந்தச் சத்தத்தை அவர் கேட்டுவிட்டால், அடுத்த தேர்தல்வரை ஊரெல்லாம் அதையே பேசுவார்.

"போன வாரம்வரைக்கும் பூனைக்குட்டி மாதிரி இருந்துச்சு. இன்னிக்கு சம்மட்டி அடிக்குது," என்றார் தலைவர், பானெட்டைத் தூக்கியபடி.

கொடியில் படுக்கை விரிப்புகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு ஒரு கிளிப்பைப் பல்லில் கவ்விக்கொண்டாள்.

"மெக்கானிக்கைக் கூப்பிடுங்களேன்," என்றாள், கிளிப்பை எடுத்த பிறகு.

"எதுக்கு? பதினோரு வருஷமா அவனுக்குப் பாடம் எடுக்கறதே நான்தான்."

பாடம் எடுத்தது உண்மை. மூன்று வருடங்களுக்கு முன் அந்தக் காரில் இரண்டு ஸ்டார்ட்டர் மோட்டார்கள் அடுத்தடுத்துப் பல் உடைந்து செத்தன. மூன்றாவது இன்றுவரை உழைக்கிறது. எல்லாம் தன் ட்யூனிங்கின் மகிமை என்று 'இன்ஜினைக் காதால் படிப்பது எப்படி' என்ற கட்டுரையைச் சங்க மலரில் நான்கு பக்கத்துக்கு எழுதினார் தலைவர். கூடவே காதருகே கைவைத்த புகைப்படம்.

அந்தக் காதில்தான் போன திங்கட்கிழமை மகள் ஒரு செவிக்கருவியை மாட்டிவிட்டிருந்தாள். சங்கத்தில் யாருக்கும் தெரியாது. தன் காதில் கோளாறே இல்லை, ஊர்தான் முணுமுணுக்கப் பழகிவிட்டது என்பது தலைவரின் கட்சி.

தலைவர் கண்ணை மூடினார். தலையைச் சாய்த்தார்.

"வால்வைத் தட்டற டாப்பெட் லூசாகி வர்ற சத்தம் இல்லை. அதை நான் தூக்கத்துலகூட கண்டுபிடிச்சிருவேன். இது கார்புரேட்டர்."

கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்து மாட்டினார். விரித்திருந்த செய்தித்தாளில் ஒரு சின்ன ஸ்பிரிங் மட்டும் மிச்சமிருந்தது.

"இது என்னங்க?"

"தேவையில்லாம வெச்சிருக்கான்."

இன்ஜின் கிளம்பியது. 'டக் டக்' அப்படியே இருந்தது. கூடவே வந்த கரும்புகை நேராகக் கொடிக்குப் போய், வெள்ளை விரிப்புகளுக்கு வேறு நிறம் கொடுத்தது.

"அப்ப பிளக்தான்," என்றார் தலைவர், கொடிப் பக்கம் திரும்பாமல்.

நான்கு பிளக் வயர்களையும் ஒரே மூச்சில் பிடுங்கினார். எது எங்கே இருந்தது என்று குறித்துக்கொள்வதெல்லாம் கற்றுக்குட்டிகள் செய்கிற வேலை. திருப்பி மாட்டிச் சாவியைத் திருகியதும் 'டமால்' என்று வெடித்தது. மாடி வீட்டுக்காரர் பல் தேய்க்கும் பிரஷோடு எட்டிப்பார்த்தார்.

"என்ன சார், ஊர்வலம் இங்கேர்ந்தே ஆரம்பிச்சிருச்சா?"

தலைவர் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துவிடும் டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி, வலப்பக்கம் கொஞ்சம், இடப்பக்கம் கொஞ்சம் என்று ரேடியோ ஸ்டேஷன் பிடிப்பதுபோல் திருப்பினார். மறுபடி சாவி. சத்தமே இல்லை.

"பாத்தியா! சத்தம் போயிருச்சு!"

"இன்ஜினும் போயிருச்சுங்க."

ஒரு மணிக்குத் துணைத்தலைவர் போனில் வந்தார். "தலைவரே, எல்லாம் ரெடிதானே? ஒருவேளை ஏதாவது ஆச்சுன்னா கவலைப்படாதீங்க. என் வண்டி முன்னாடி போகத் தயாரா இருக்கு."

"என் வண்டி இப்ப சத்தமே போடலை," என்றார் தலைவர். பொய் சொல்லாத மனிதர்.

போனை வைத்ததும், ஜன்னலைப் பார்த்துப் பேசுவதுபோல் மனைவியிடம் சொன்னார்: "வேணும்னா அந்த மெக்கானிக்கை வரச்சொல்லு. கத்துக்கட்டும்."

மெக்கானிக் வந்தார். வயர்களை வரிசை மாற்றினார். செய்தித்தாளில் இருந்த ஸ்பிரிங்கை எடுத்து அதன் இடத்தில் மாட்டினார். டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு நூலளவு திருப்பினார். மூன்று மணிக்குக் கார் முதல் சாவியிலேயே கிளம்பியது.

டக் டக் டக் டக்.

"கேக்குதா?" என்றார் தலைவர்.

"நல்லாவே கேக்குது சார். டாப்பெட்."

"டாப்பெட்டா? அதெப்படிப்பா திடீர்னு லூசாகும்?"

மெக்கானிக் தலைவரின் காதைப் பார்த்தார். அங்கே புதிதாக மின்னிய கருவியைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அவள் அவசர அவசரமாகக் கரி படிந்த விரிப்பை மடிக்கத் தொடங்கினாள்.

"சொல்லேம்ப்பா!"

"வண்டி ஓடறது காதுல விழாம, ஓடற வண்டிக்கே திரும்பத் திரும்ப சாவியைத் திருகி ரெண்டு ஸ்டார்ட்டரை உடைச்சீங்க சார். உங்களுக்குக் கேக்கட்டுமேன்னு அம்மா சொல்லி, மூணு வருஷத்துக்கு முன்னாடி டாப்பெட்டை லூசாக்கி விட்டதே நான்தான்."